இருநூறு கேபிக்குள்

தூத்துக்குடி மாவட்டத்து ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு ஈவாஞ்சலினின் முகம் தெரியாது, குரல் தெரியும்.

நகரத்தில் ஒரு பள்ளியில் கணிதம் எடுக்கிறவள் அவள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மாவட்டப் பயிற்சியாளர். ஊர் ஊராகப் போய், நாற்பது ஐம்பது ஆசிரியர்களை உட்கார வைத்து, இணையத்தில் சும்மா கிடைக்கிற எதெதெல்லாம் வகுப்பறைக்கு உதவும் என்று காட்டிக்கொடுப்பது அவள் வேலை. பிள்ளைகள் விடையை அழுத்தியதும் மதிப்பெண் தானாக விழுகிற வினாத்தாள் செய்வது எப்படி, பாடம் நடத்துவதைத் திரையோடு சேர்த்துப் பதிவு பண்ணுவது எப்படி, தமிழில் பேசினால் எழுத்தாக மாறுகிற வசதி எங்கே இருக்கிறது, எல்லாம் சொல்லித் தருவாள். பயிற்சியில் கேட்டது வீட்டுக்குப் போனதும் மறந்துபோகிறது என்று பலர் குறைப்பட்டதால், ஒவ்வொன்றையும் ஐந்து நிமிட வீடியோவாகச் செய்து யூடியூப்பில் போட ஆரம்பித்தாள். அதில் அவள் முகம் வராது. கணினித் திரை வரும், நகரும் அம்புக்குறி வரும், பின்னால் அவள் குரல் வரும். “இப்ப வலது பக்கம் மேல மூணு புள்ளி இருக்கும் பாருங்க. அதத் தொடுங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது.”

அவள் போட்ட அறுபத்துச் சொச்சம் வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்தது, வகுப்பறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று: சான்றிதழைப் படமெடுத்து, எழுத்து மங்காமல் இருநூறு கேபிக்குள் சுருக்குவது. இடமாறுதலுக்கு விண்ணப்பிக்கிற தளம் அதற்கு மேல் பெரிய கோப்பை ஏற்காது. அந்த வீடியோவை அவள் யாருக்கும் உதவ நினைத்துச் செய்யவில்லை. ஆத்திரத்தில் செய்தாள்.

அவள் கணவன் ஜெபசீலன் இயற்பியல் ஆசிரியர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அரசுப் பணி கிடைத்து தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போனான். மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று சாயர்புரத்தில் இருந்த அவன் அண்ணன் முதல் ஆலயத்துப் போதகர் ஐயர் வரை எல்லாரும் சொன்னார்கள். கணவனும் மனைவியும் வேறுவேறு ஊரில் வேலை பார்த்தால் மாறுதலில் முன்னுரிமை உண்டு. அதற்கு மனைவி வேலை பார்க்கிற இடத்துச் சான்றிதழை ஏற்ற வேண்டும். முதல் தடவை விண்ணப்பித்தபோது, அங்கே ஒரு கடையில் கொடுத்து அதைச் சுருக்கி ஏற்றினான். தளம் வாங்கிக்கொண்டது. ஆனால் சுருக்கியதில் முத்திரையும் கையெழுத்தும் ஈரத்தில் ஊறினதுபோல மங்கிப் போயிருந்தன. சரிபார்க்கிற இடத்தில் படிக்க முடியவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். முன்னுரிமை போயிற்று, அந்த வருஷம் தூத்துக்குடியில் இருந்த ஒரே காலியிடமும் போயிற்று. அந்த வாரமே ஈவாஞ்சலின் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த வீடியோவை எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம். ஒரு வருஷம் காலியிடமே இல்லை. இன்னொரு வருஷம் இருந்ததை மூத்தவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். மாதத்துக்கு ஒரு முறை ஜெபசீலன் வெள்ளி இரவு மைசூர் ரயிலைப் பிடித்து சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து இறங்குவான். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் போய்விடுவான். மற்ற நாட்களில் அவர்கள் குடும்பம் இணையத்தில்தான் நடந்தது. ‘வீடு’ என்று ஒரு பொதுப் பக்கம் திறந்து வைத்திருந்தார்கள். மூன்று பேரும் அதில் எழுதலாம். சிலிண்டர் பதிந்தாயிற்று, பெனிஷாவுக்குக் காய்ச்சல் நூற்றொன்று, மாடித் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று இவள் எழுதுவாள். அவன் அங்கிருந்து பதில் எழுதுவது எழுத்தெழுத்தாக இங்கே தெரியும். சில சமயம் எழுதிவிட்டு அழிப்பான். அந்த அழிக்கிற நேரந்தான் ஈவாஞ்சலினுக்கு அவன் பக்கத்தில் இருக்கிறதுபோல இருக்கும்.

மகள் பெனிஷாவுக்கு அப்பா போகும்போது இரண்டு வயது. இப்போது பதினொன்று. போன வருஷம் பள்ளி திறக்கும்போது அவன் அவளுக்கு ஷூ வாங்கி வந்தான். கால் நுழையவே இல்லை. போனில் முகம் மட்டும்தானே தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தான். அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கும்போது அவன் சிரிக்கவில்லை. இந்த வருஷம் பெனிஷா சாயங்கால வீடியோ அழைப்புக்குக் கூப்பிட்டால், வீட்டுப்பாடம் இருக்கு என்று பக்கத்து அறையிலிருந்து சத்தம் மட்டும் கொடுக்க ஆரம்பித்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருஷம் அந்தச் செய்தி வந்தது. திருச்செந்தூர் சாலையில், கடலை ஒட்டிய ஒரு மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். மாவட்டத்தில் அந்த ஒரு இடந்தான் காலி. ஜெபசீலன் ஆசிரியர் குழுக்களிலெல்லாம் விசாரித்து ஒரு பட்டியலே போட்டுவிட்டான். கணவன் மனைவி முன்னுரிமையில் அந்த இடத்தைக் கேட்கிறவர்களில் அவன்தான் முதல். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு டீச்சர் அவனுக்கு நாலு மாதம் மூத்தவர். ஆனால் அவருக்குச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லையாம், வராவிட்டால் பொதுப் பட்டியலுக்குப் போய்விடுவாராம். அப்படியானால் பயமில்லை.

விண்ணப்பம் திறந்த முதல் நாளே அவன் ஏற்றிவிட்டான். ஈவாஞ்சலின் இங்கிருந்தபடி அதை மூன்று தரம் திறந்து முத்திரை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். பளிச்சென்று தெரிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் ஏதோ மாறிப் போயிற்று. ஆசை இத்தனை வருஷமும் ஒரு மூலையில் கிடந்தது; இப்போது எழுந்து நடமாடியது. பீரோவில் ஒரு தட்டை அவள் காலி பண்ணினாள். தோசை மாவு கரைக்கும்போது கை தானாக மூன்று பேருக்கு அளந்தது. பெனிஷா பள்ளியில் யாரிடமோ, எங்கப்பா இனி தினமும் என்னைக் கூட்டிட்டுப் போவாங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். ‘வீடு’ பக்கத்தில் ஒரு சாயங்காலம் ஜெபசீலன் எழுதினான்: “சைக்கிளக் கொண்டு வரவா, இங்கனயே யாருக்கும் குடுத்துறவா?” அவள் என்ன எழுதலாம் என்று யோசிப்பதற்குள் அவனே அதை அழித்துவிட்டான். ரொம்ப முந்திக்கொண்டோம் என்று கூச்சமாக இருந்திருக்கும்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி வரை. அன்றைக்கு நகரத்துப் பள்ளி ஒன்றில் ஈவாஞ்சலினுக்குப் பயிற்சி இருந்தது. மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஜன்னலைத் திறந்தால் மேசையெல்லாம் புழுதி. மதியம் சாப்பாட்டுக்கு விட்டதும் வாசலில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் ஃபைல், தோளில் பயணப் பை.

“நீங்க பேசுனது வெளிய வரைக்கும் கேட்டுச்சு டீச்சர்” என்றாள். “இன்னைக்கு பயிற்சி இங்கனன்னு விசாரிச்சு வந்தேன். குரலக் கேட்டதும் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேன்னு தெரிஞ்சுட்டு.”

பெயர் சண்முகவடிவு. பிறந்த ஊர் ஆழ்வார்திருநகரி. வேலை பார்ப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில், கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளி. கணவர் இங்கே துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவர். அவருடைய அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்ததால் சான்றிதழ் நேற்று மாலைதான் கிடைத்திருக்கிறது. ராத்திரியிலிருந்து ஈவாஞ்சலினுடைய வீடியோவை வைத்து அதைச் சுருக்கப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை.

“நீங்க சொல்லுத பச்ச பட்டன் எனக்கு வரவே இல்ல டீச்சர். வேற என்னென்னமோ வருது. நான்தான் தப்பாப் பண்ணுதேன் போலிருக்கு.”

ஈவாஞ்சலின் தன் மடிக்கணினியில், படத்தைச் சுருக்க வீடியோவில் காட்டியிருந்த தளத்தைத் திறந்தாள். சண்முகவடிவு தப்பாகப் பண்ணவில்லை. தளத்துக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டிருந்தார்கள். பச்சைப் பட்டன் இருந்த இடத்தில் விளம்பரம் இருந்தது. ஆறு வருஷத்துப் பழைய வீடியோ, இல்லாத பட்டனை அழுத்தச் சொல்லி அத்தனை பேரையும் அலைக்கழித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு முகம் சூடாயிற்று. மாறுதல் விண்ணப்பத்தைத் திறக்கச் சொன்னாள். சண்முகவடிவு போனில் கடவுச்சொல்லைத் தேடிப் பார்த்துச் சொல்ல, பக்கம் திறந்தது.

பாடம்: இயற்பியல். கேட்கிற இடம்: திருச்செந்தூர் சாலைப் பள்ளி. பணியில் சேர்ந்த நாள், ஜெபசீலன் சேர்ந்ததற்கு நாலு மாதம் முன்பு.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஆசிரியர்கள் கை துடைத்தபடி உள்ளே வர ஆரம்பித்தார்கள். “இந்த வகுப்ப முடிச்சிட்டு வாரேன். அங்கன மரத்தடியில உக்காருங்க” என்றாள். சண்முகவடிவு, ஐந்து மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல டீச்சர் என்று கேட்டுவிட்டு, பூவரசு நிழலில் போய் உட்கார்ந்தாள்.

அந்த ஒன்றரை மணி நேரம் ஈவாஞ்சலின் என்ன சொல்லிக்கொடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. வாய் தன்பாட்டில் பேசியது. யாரோ கை தூக்கினால் அருகே போய், மூன்று புள்ளியைத் தொடுங்க என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தப் பெண் மடியில் ஃபைலை வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள், காற்று பறித்துக்கொண்டு போய்விடும் என்கிறதுபோல.

ஒன்றும் செய்ய வேண்டாம். தளம் வேலை செய்யவில்லை, கடைக்குப் போய்ப் பாருங்கள் என்றால் போதும். வீடியோவைத்தான் நம்பி வந்திருக்கிறாள்; நம்பிக் கேட்டுக்கொண்டு போவாள். கடையில் என்ன செய்து கொடுப்பார்கள் என்று ஈவாஞ்சலினுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷம். பீரோவின் அந்தக் காலித் தட்டு. பெனிஷா யாரிடமோ சொல்லிவைத்திருக்கிற பேச்சு. இந்தப் பெண் யார்? காலையில் இவள் முகம்கூடத் தனக்குத் தெரியாது.

மூன்றரைக்கு வகுப்பு முடிந்து டீக்கு விட்டார்கள். அவள் வராந்தாவில் தனியாக நின்று போனை எடுத்தாள். ஜெபசீலனுடைய பெயர் வரை போய், தொடாமல் நிறுத்தினாள். செய் என்று அவன் சொல்லலாம். செய்யாதே என்றும் சொல்லலாம். இரண்டில் எது வந்தாலும் அதை வைத்துக்கொண்டு பிறகு எப்படி வாழ்வது என்று தெரியவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்ச் சண்முகவடிவைக் கூப்பிட்டாள்.

நாலு மணிக்குக் கணினியின் முன் உட்கார்ந்தார்கள். சண்முகவடிவு போனில் எடுத்து வைத்திருந்த படம் நாலு எம்பி. ஈவாஞ்சலின் வேறொரு தளத்தில் அதைப் போட்டுச் சுருக்கினாள். நூற்றெண்பது கேபிக்கு வந்தது. விண்ணப்பத் தளம் அதை வாங்கிக்கொள்ளும்.

“வந்துட்டா டீச்சர்? ஏத்திரலாமா?” என்று சண்முகவடிவு நாற்காலி நுனிக்கு வந்தாள்.

ஈவாஞ்சலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முத்திரை வெறும் ஊதா வட்டமாக இருந்தது. உள்ளே ஓர் எழுத்தும் தெரியவில்லை. அன்றைக்கு ஜெபசீலனுடையது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு பொய் சொல்ல வேண்டாம். ‘ம், ஏத்துங்க’ என்று தலையாட்டினால் போதும். பச்சை டிக் விழும். இந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுவாள். பத்து நாள் கழித்து எங்கோ ஒருவர் படிக்க முடியவில்லை என்று ஒதுக்குவார். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அவள் கை சுட்டியின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

“இருங்க” என்றாள். “எழுத்து தெரியல. இத ஏத்துனா நிராகரிச்சுருவாங்க. ஒரிஜினலக் குடுங்க.”

சான்றிதழை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் நேராக விழும்படி வைத்து, காற்றுக்கு நாலு மூலையிலும் நாலு சாக்பீஸ் டப்பாவை வைத்து, நிழல் விழாமல் படமெடுத்தாள். ஓரத்தை வெட்டினாள். வண்ணத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினாள். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். நூற்று அறுபத்து நாலு கேபி. முத்திரையில் இருந்த ஒவ்வோர் எழுத்தையும் வாசிக்க முடிந்தது. நாலு முப்பத்தாறுக்கு அது ஏறியது. சண்முகவடிவு திரையில் வந்த ஒப்புகையைத் தன் போனில் படமெடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தாள்.

பிறகு, இனி அவசரமில்லை என்ற நிம்மதியில், தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணம் பிந்தித்தான் ஆயிற்று. ஏழு வருஷம் ஆகிறது. சேர்ந்திருந்த நாளையெல்லாம் கூட்டினால் ஏழு மாதம் தேறுமா என்று தெரியவில்லை. அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். இவள் விடுப்பெடுத்து வந்தால் அவர் பகலெல்லாம் தூங்குவார், தூங்குகிறவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். அங்கே வாடகை அறையில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், ஈவாஞ்சலினுடைய வீடியோக்களை ஓடவிட்டுவிட்டுத்தான் சாப்பிடுவாளாம்.

“பாடத்துக்குத் தேவையோ இல்லையோ, கேட்டுக்கிட்டே இருப்பேன். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவீங்கல்ல.” அவள் பையைத் தோளில் மாட்டினாள். “உங்க வீட்டு சார் எங்கன இருக்காவ?”

“தருமபுரில. அவங்களும் வாத்தியார்தான்.”

“அய்யோ, அம்புட்டுத் தூரமா. என்ன சப்ஜெக்ட்?”

சொல்லாமல் இருக்கலாம். கணக்கு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இத்தனைக்கும் பிறகு ஒரு பொய்யைச் சொல்ல ஈவாஞ்சலினுக்குத் தெம்பில்லை. “பிசிக்ஸ்” என்றாள்.

சண்முகவடிவு வாசலில் நின்றுவிட்டாள். மூடியிருந்த மடிக்கணினியைப் பார்த்தாள், ஈவாஞ்சலினைப் பார்த்தாள். விண்ணப்பத்தைத் திருத்த இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அது இருவருக்கும் தெரியும். கடைசியில், “எனக்குத் தெரியாது டீச்சர்” என்றாள். மெதுவாகப் படியிறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஈவாஞ்சலின் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் திரும்பி வரவில்லை. அவளுக்கும் ஏழு வருஷம்.

அன்றைக்கு எட்டு மணிக்கு ஜெபசீலன் அழைத்தபோது ஈவாஞ்சலினால் சொல்ல முடியவில்லை. தலைவலி என்று வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். சாப்பிட்டு முடிந்து, பெனிஷா ஆலயத்துக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போனபிறகு, மேசையில் எதிரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். மங்கலான படத்தையும் சொன்னாள்.

“ஒரு வார்த்த என்னட்ட கேட்டிருக்கலாம்லா” என்றான்.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க அத்தான்?”

“தெரியல. அதுக்குத்தான் கேட்டிருக்கணும்.”

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கடற்கரைச் சாலைப் பக்கம் போயிருப்பான் என்று அவள் நினைத்தாள். இருட்டுகிற நேரத்துக்குப் பெனிஷாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவளோடு பேசினான், சிரித்தான். ஈவாஞ்சலினோடு பேச வேண்டியதை மட்டும் பேசினான். மாதத்தில் கிடைப்பதே அவ்வளவு நேரந்தான், அதிலும் பாதி இப்படிப் போயிற்று. ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஊருக்குப் போய்விட்டவன்போல இருந்தான்.

ரயில் நிலையத்தில், வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னான்: “நானா இருந்தா அந்த மங்கலானதயே ஏத்தி விட்டிருப்பேனோ என்னமோ. நேத்துலருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன் ஈவா. உம்மேல கோவம் இல்ல.” ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்மேல் அவள் கையை வைத்தாள். பெனிஷா பார்க்கிறாள் என்றுகூட எடுக்கவில்லை.

ஜூலையில் கலந்தாய்வு நடந்தது. திருச்செந்தூர் சாலைப் பள்ளி சண்முகவடிவுக்குக் கிடைத்தது. ஜெபசீலன் தருமபுரி அலுவலகத்தில் காலை முதல் உட்கார்ந்திருந்து, தன் முறை வந்ததும், வேறிடம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். ‘வீடு’ பக்கத்தில் ஒரே வரி எழுதினான்: “முடிஞ்சுட்டு. அடுத்த வருஷம் பாப்போம்.” பெனிஷா அதை வாசித்துவிட்டு, அதற்குக் கீழே ஒரு பூப்படம் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் கூப்பிடாமலே வந்து வீடியோ அழைப்பில் உட்கார்ந்தாள். எழுந்து நின்று, போனைக் கதவோரம் சாய்த்து வைக்கச் சொல்லி, தலை முதல் கால் வரை அப்பாவுக்குக் காட்டினாள். ஈவாஞ்சலின் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அந்த வாரம் சான்றிதழ் வீடியோவைப் புதிதாக எடுத்தாள். பச்சைப் பட்டனை விட்டுவிட்டாள். சுருக்கின பிறகு பெரிதாக்கி முத்திரையை வாசித்துப் பாருங்கள், வாசிக்க முடியாவிட்டால் ஏற்றாதீர்கள் என்று மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது குரல் கொஞ்சம் இடறியது. திரும்ப எடுக்கவில்லை, அப்படியே போட்டுவிட்டாள்.

செப்டம்பரில் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. கருவி இல்லாத பள்ளிகளிலும் சோதனையைத் திரையில் செய்து காட்டுகிற இணைய ஆய்வகங்களைப் பற்றியது. இரண்டாவது வரிசையில் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள். ஈவாஞ்சலினைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், உட்கார்ந்தாள். முன்பைவிட முகம் தெளிந்திருந்தது. எல்லாரும் கலைந்தபிறகு, மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

நன்றி சொல்வாளோ, மன்னிப்புக் கேட்பாளோ என்று ஈவாஞ்சலின் பயந்தாள். இரண்டையும் அவள் செய்யவில்லை. தன் ஆய்வகத்தில் வந்த ஒரு சிக்கலைச் சொன்னாள். நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டை ஆடவிட்டு நேரம் எடுக்கிற சோதனை. இணைய ஆய்வகத்தில் செய்தால் ஒரு மீட்டர் நூலுக்கு ஓர் அலைவு இரண்டு வினாடி என்று சரியாக வருகிறது. பிள்ளைகள் கையால் செய்தால் ஒவ்வொரு தரமும் ஒவ்வொன்று. நூலை மாற்றியாயிற்று, குண்டை மாற்றியாயிற்று, கடிகாரத்தையும் மாற்றியாயிற்று. பிள்ளைகள் திரையைத்தான் நம்புகிறார்கள், கையில் செய்வது பொய் என்கிறார்கள்.

“எனக்கு பிசிக்ஸ் தெரியாதே டீச்சர்” என்றாள் ஈவாஞ்சலின்.

“தெரியும்.” சண்முகவடிவு கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தாள். “உங்க வீட்டு சார்ட்ட கேட்டுச் சொல்லுவீங்களா?”

கேட்டுச் சொல்லுதேன் என்றாள் ஈவாஞ்சலின். இரண்டு பேரும் வாசல் வரை ஒன்றாக நடந்தார்கள். வெளியே துறைமுகச் சீருடையோடு ஒருவர் வண்டியில் காத்திருந்தார். சண்முகவடிவு பையை முன்னால் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி, அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள். அதை யோசித்து வைக்கவில்லை. தினமும் வைக்கிற கை. வண்டி உப்பு லாரிகளுக்கு நடுவே புகுந்து போகிற வரைக்கும் ஈவாஞ்சலின் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பொறாமை என்று சொல்ல முடியாது. தன் உள்ளங்கை காலியாக இருப்பது மட்டும் தெரிந்தது.

எட்டு மணிக்கு ஜெபசீலன் அழைத்ததும், யார் கேட்டார்கள் என்பதையும் மறைக்காமல் அந்தச் சிக்கலைச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். எத்தனை அலைவுக்கு நேரம் எடுக்கிறார்கள்? எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறார்கள்? நூல் எதில் கட்டியிருக்கிறது? சண்முகவடிவு எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெனிஷாவும் வந்து அவள் தோளில் முகவாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த லேப் எந்தப் பக்கம் பாத்து இருக்காம்?” என்றான்.

தாளின் அடியில் அதுவும் இருந்தது. சண்முகவடிவு அறையின் படத்தையே போட்டுக் கொடுத்திருந்தாள். “கிழக்க. மூணு பெரிய ஜன்னல். நேரா கடலாம்.”

திரையில் அவன் கண்கள் அவளை விட்டு எங்கோ போய் நின்றன. தருமபுரியில் அவன் அறைக்கு ஒரே ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். அது அவளுக்குத் தெரியும். எந்த அறையை இப்போது அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரிந்தது.

“அப்ப காத்து நல்லா வரும்” என்றான் கடைசியில். “அதுதான் குண்ட நேரா ஆட விடமாட்டேங்கு. சோதன செய்யும்போது மட்டும் ஜன்னலச் சாத்திக்கிடச் சொல்லு. முடிஞ்சதும் தெறந்து வச்சுக்கிடட்டும்.”